ஆணி அடிக்காமல் ஒரு தஞ்சாவூர் ஓவியம்

சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது' என்ற வீட்டுக்காரர் கட்டளை புதிதல்ல. அங்கேயாவது முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஆணி நாலைந்து மிச்சமிருக்கும். லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்களுக்குக் கிடைத்த வீட்டில் அதுவும் இல்லை. போதாததற்கு, சாவி தரும்போதே ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து 'இன்வென்டரி' என்று ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். காலி செய்யும்போது அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குள் இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. பத்து மாத அட்வான்ஸ் பார்த்த நமக்கு இது சொற்பம்தான். அந்தப் பணத்தையும் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். புழங்கிய வீட்டில் வரும் இயல்பான தேய்மானத்துக்குப் பிடித்தம் கிடையாது. ஆனால் ஆணி ஓட்டை தேய்மானமா, சேதமா? அந்த வழக்கே வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

குடும்பப் படங்களுக்கு கமாண்ட் ஸ்ட்ரிப் போதுமானது. சுவரில் ஒன்றும் படத்தின் முதுகில் ஒன்றுமாக ஒட்டி, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பசைப் பட்டை ஜோடி அது. சுவரை ஈரத்துணியால் அல்ல, ரப்பிங் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். ஒட்டி 30 விநாடி அழுத்தியபின், படத்தை மட்டும் கழற்றி ஒரு மணி நேரம் கழித்து மாட்ட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் வீட்டில்தான் நடுராத்திரியில் 'தொப்'பென்று சத்தம் கேட்கும். எடுக்கும்போது பட்டையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைப் பிடித்துச் சுவரோடு சுவராகக் கீழ்நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். நம் பக்கம் இழுத்தால் பெயின்டும் கூடவே வந்துவிடும். வால்பேப்பர் ஒட்டிய சுவரில் இதெல்லாம் ஆகாது.

சிக்கல் தஞ்சாவூர் ஓவியம்தான். அம்மா கட்டிக்கொடுத்த கிருஷ்ணர்: மரப்பலகை, கல், தங்க ரேக்கு, அதன்மேல் கண்ணாடி, தேக்குச் சட்டம். பெரிய ஸ்ட்ரிப் நான்கு ஜோடி 7.2 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. இருக்கட்டும், அவரைப் பசையை நம்பி விட எனக்கு மனம் வரவில்லை.

வழி வீட்டிலேயே இருந்தது. விக்டோரியா காலத்துப் பழைய வீடுகளில் கூரைக்குச் சற்றுக் கீழே சுவரைச் சுற்றி ஒரு மரச்சட்டம் ஓடும். பிக்சர் ரெயில் என்பார்கள். அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடித்தால் உதிரும். அதனால் படங்களை இதிலிருந்துதான் தொங்கவிட்டார்கள். ரெயிலின் தலையில் கவ்வும் வளைந்த பித்தளைக் கொக்கிகள் இன்றும் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டு கொக்கி, இரண்டு கம்பி. கிருஷ்ணர் அசையாமல் இருக்கிறார். ரெயிலின்மேல் பல பூச்சு பெயின்ட் ஏறியிருந்தால் கொக்கி சரியாக உட்காராது. கையால் இழுத்துப் பார்த்த பிறகே பாரம் ஏற்ற வேண்டும். ரெயிலே ஆடினால் விட்டுவிடுங்கள்.

இடமும் முக்கியம். வெளிப்பக்கச் சுவர் குளிர்காலத்தில் வியர்க்கும். படத்தின் முதுகில் பூஞ்சை பிடிக்கும். உள்சுவரே நல்லது.

மகள் வரையும் படங்களுக்கு ப்ளூ டாக் என்ற ஒட்டும் களிமண் மட்டும் வேண்டாம், எண்ணெய்க் கறை விடும். அவற்றையெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டோம். இடம் போதவில்லை என்று அவளுக்குக் குறைதான்.