இன்னும் அஞ்சு மாசம் இருக்கே!
ராத்திரி ஒரு மணி, பெங்களூரு கெம்பேகவுடா ஏர்போர்ட். கோலாலம்பூர் போக பெட்டியெல்லாம் தராசுல ஏத்தியாச்சு. கவுண்டர்ல இருந்த பொண்ணு சின்னவன் பாஸ்போர்ட்டை ரெண்டு தடவை புரட்டுச்சு. "சார், இது காலாவதியாக அஞ்சு மாசந்தான் இருக்கு"ன்னு கன்னடத்துல மெதுவா சொல்லுச்சு. "அஞ்சு நாள்ல திரும்பிடுவோமேம்மா"ன்னேன். மலேசியாவுல இறங்குற நாள்லேருந்து 6 மாசம் இருக்கணுமாம்.

எங்க ரெண்டு பேருக்கும் 10 வருஷ பாஸ்போர்ட். பிள்ளைங்களுக்கு 5 வருஷந்தான், சுத்தமா மறந்துட்டேன். விசா எடுக்கிற நாடா இருந்தா அப்பவே சிக்கியிருக்கும். விசா வேண்டாம்னு துள்ளிக் குதிச்சதுதான் வினையாச்சு.

அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை மடிவாளா வீட்டுலயே விடிகாலையில பிரிச்சோம். சின்னவன் நீச்சல் கண்ணாடியை இன்னும் கழட்டல.