பத்து நிமிடத்தில் எத்தனை தடவை பந்து கைக்கு வரும்?

கூடைப்பந்து டிரில்களுக்கு, அதாவது திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிகளுக்கு, பஞ்சமே இல்லை. 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு அவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிய ஒரு கணக்குப் போட்டால் போதும்: பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளையின் கைக்குப் பந்து எத்தனை தடவை வருகிறது?

16 பேரை ஒரே வரிசையில் நிறுத்தி லே-அப் (ஓடி வந்து எம்பி, வளையத்துக்குப் பக்கத்திலிருந்து பந்தைப் போடுவது) போடச் சொல்கிறோம் என்று வையுங்கள். ஓடி, போட்டு, பந்தை எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்க 8 வினாடி. ஒரு சுற்று முடிய 2 நிமிடத்துக்கு மேல். 10 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது நாலைந்து வாய்ப்பு. அதே 16 பேருக்கு 8 பந்து கொடுத்து, எதிரெதிரே 3 மீட்டர் தள்ளி நிறுத்தி பாஸ் போட வைத்தால், 10 நிமிடத்தில் ஒவ்வொருவர் கைக்கும் எழுபது, எண்பது தடவையாவது பந்து வரும். அத்தனை பந்து இல்லையென்றால் நாலு பேருக்கு ஒன்று என்று பிரியுங்கள். அதற்கு மேல் வரிசை நீண்டால் அந்த டிரில் வேண்டாம்.

டிரில்லுக்கு முன் பந்தைப் பாருங்கள். பெரிய ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்து 600 கிராம் பக்கம் இருக்கும். இந்த வயதுக்கு 5-ஆம் எண் பந்துதான். அரைக் கிலோவுக்குள் அடங்கும். வளையமும் அப்படியே. பெரியவர்களுக்கு 3.05 மீட்டர், மினி கூடைப்பந்தில் 2.60 மீட்டர். பள்ளி மைதானத்து வளையத்தை இறக்க முடியாதுதான். அப்படியானால் சுவரில் 2.60 மீட்டர் உயரத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு ஷூட்டிங் பழக்குங்கள். எட்டாத வளையத்துக்கு எறியும் பிள்ளை பந்தை இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி வீசும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

டிரிபிளிங்கில், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவதில், எல்லாரும் செய்யும் தவறு இரண்டு. உள்ளங்கையால் பந்தை அறைவது ஒன்று. பந்தைக் காலுக்கு நேர் முன்னால் தட்டி, தானே உதைத்துக்கொள்வது இன்னொன்று. விரல்களை விரித்து, பந்தை அழுத்தித் தள்ளச் சொல்லுங்கள். பந்து பாதத்துக்குப் பக்கவாட்டில், இடுப்புக்கு மேல் எழாமல் வரட்டும். தலை குனிவதற்கு மருந்து இது: நீங்கள் எதிரே நின்று விரல்களைக் காட்டுங்கள், அவர்கள் தட்டிக்கொண்டே எண்ணிக்கையைக் கத்தட்டும். கை ஓரளவு பழகியதும் ஓடிப்பிடிச்சு வைக்கலாம். பாதி மைதானத்துக்குள் எல்லார் கையிலும் பந்து; தன் பந்தை விடாமல் அடுத்தவர் பந்தைத் தட்டிவிட வேண்டும். பந்தை இழந்தவரை வெளியே உட்கார வைக்காதீர்கள். முதலில் இழப்பது அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைதான். ஐந்து தடவை இடக்கையால் தட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வரட்டும்.

லே-அப்பைப் பின்னாலிருந்து முன்னாகச் சொல்லிக் கொடுப்பது நல்லது. வலக்கைப் பிள்ளையை வளையத்துக்கு வலப்பக்கம், ஓரடி வைக்கும் தூரத்தில் நிறுத்துங்கள். இடக்காலை வைத்து எம்பி, வலது முழங்காலை உயர்த்தி, வளையத்துக்குப் பின்னால் உள்ள போர்டில் இருக்கும் சிறு கட்டத்தின் பக்கத்து மேல்மூலையில் பந்தைப் பட வைக்க வேண்டும். பாண்டி ஆடிய பிள்ளைக்கு ஒற்றைக்காலில் எம்புவது புதிதல்ல. 'நொண்டியடிக்கிற மாதிரி மேலே எம்பு' என்றால் புரிந்துவிடும். அது வந்தபின் வலது, இடது என்று இரண்டு அடி. பிறகு ஒரு டிரிபிள் சேர்த்து இரண்டு அடி. ஓடி வந்து போடுவது கடைசியில்தான். கால் மாறிப்போகிறதென்றால் தரையில் இரண்டு பாத அடையாளம் வரையுங்கள். முதலாவது நீளமான அடி, அடுத்தது குட்டை. குட்டை அடிதான் ஓட்டத்தின் வேகத்தை மேல்நோக்கித் திருப்பும். அது இல்லாவிட்டால் பந்து போர்டில் மோதி மைதானத்தின் பாதிக்குப் போய்விடும். இடக்கைப் பிள்ளைக்கு எல்லாமே தலைகீழ்; அதைத் தனியாகச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

மூன்று பேர் குறுக்கும் நெடுக்குமாக ஓடி பாஸ் போடும் வீவ் டிரில் பார்க்க அழகு. பத்து வயதுக்குள் அதைத் தொடவே வேண்டாம். பாஸ் ஓடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் விழும், பிடித்தவர் நிற்கத் தெரியாமல் டிராவலிங் (பந்தைத் தட்டாமல் கையில் வைத்தபடி அடி வைக்கும் தவறு) செய்வார், பாதி நேரம் பந்தைத் துரத்துவதிலேயே போகும்.

ஒரு மணி நேரப் பயிற்சியில் கடைசி 20 நிமிடத்தை மூவருக்கு மூவர் ஆட்டத்துக்கு ஒதுக்குங்கள். முதல் 5 நிமிடம் டிரிபிள் கிடையாது, பாஸ் மட்டும். பந்து இல்லாதவர் ஓடி இடம் பிடித்தே ஆக வேண்டும் என்பதை இது வாய் திறக்காமல் கற்றுக்கொடுக்கும். எல்லாரும் பந்தைச் சுற்றி மொய்த்தால் விசில் அடித்து அப்படியே நிற்கச் சொல்லி, காலியாகக் கிடக்கும் மூலையைக் காட்டுங்கள். சிமெண்ட் தரை வெயிலில் காய்ந்து கிடந்தால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர், நிழலில்.