அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் நின்றபோது

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா காலமான பிறகு, 76 வயதாகும் என் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வங்கி வழியாக வந்துகொண்டிருந்தது. மார்ச் மாதத்துக்குரியது மட்டும் ஏப்ரல் முதல் வேலை நாளில் வரும். மற்றபடி அந்தந்த மாதத்தின் கடைசி வேலை நாளிலேயே பணம் கணக்கில் சேர்ந்துவிடும். அம்மா அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைப்பவர் என்பதால், சென்ற டிசம்பரில் பணம் வராதது மறுநாளே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் வாழ்நாள் சான்றிதழை நவம்பரில் கொடுக்காதவர்களுக்கு டிசம்பரிலிருந்து ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அம்மா அந்தச் சான்றிதழை நவம்பர் இரண்டாம் வாரமே கிளையில் கொடுத்திருந்தார். நானும் உடன் சென்றிருந்தேன். கூட்டம் அதிகமாக இருந்தது. படிவத்தை வாங்கிய ஊழியர், நூல் கட்டிய ஒரு காகித அடுக்கின் மேல் அதை வைத்து, "சரிம்மா, போயிட்டு வாங்க" என்றார். சான்றிதழைப் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதை அன்று நான் அறிந்திருக்கவில்லை, கேட்காமலே வந்துவிட்டேன். பின்னால் பட்ட அலைச்சலில் பெரும்பகுதி அந்த ஒரு சீட்டு கையில் இல்லாததால் வந்தது.

கிளையில் விசாரித்தபோது, ஓய்வூதியக் கணக்குகளை வேறு ஊரில் உள்ள சி.பி.பி.சி. என்னும் மையம்தான் கையாள்கிறது என்றும், தங்கள் கணினியில் 'நிறுத்தம்' என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். மையத்தைத் தொலைபேசியில் பிடித்தால், ஓய்வூதியதாரரே பேச வேண்டும் என்றார்கள். பாதுகாப்புக்காகக் கேட்கிறார்கள் என்பது புரிந்தது. ஆனால் அம்மாவுக்குக் காது மந்தம். கேள்வியை நான் காதருகே திருப்பிச் சொல்ல, அவர் பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். அடுத்து, பதிவு செய்துள்ள செல்போன் எண்ணைக் கேட்டார்கள். அம்மா தன் எண்ணைச் சொன்னார், பொருந்தவில்லை. சற்று யோசித்துவிட்டு அப்பாவின் எண்ணைச் சொன்னார், பொருந்தியது. அப்பா இறந்த சில மாதங்களிலேயே அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. சான்றிதழ் பதிவாகவில்லை என்ற நினைவூட்டல்கள் எல்லாம் எடுக்க ஆளில்லாத அந்த எண்ணுக்கே போயிருந்தன. குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தபோதே எண்ணை மாற்றியிருக்க வேண்டும். அந்தத் துக்கத்தில் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

மீண்டும் கிளைக்குப் போய்க் காகிதம் கொடுக்க மனம் வராமல், 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் என்னும் டிஜிட்டல் முறையில் வாழ்நாள் சான்றிதழ் எடுக்க முடிவு செய்தேன். ரேகை வைக்கும் கருவியில் அம்மாவின் பத்து விரல்களில் ஒன்றுகூடப் பதியவில்லை. பல ஆண்டுகள் பாத்திரம் தேய்த்த கைகள். 2021 முதல் முகத்தைக் காட்டியும் சான்றிதழ் பெறலாம் என்பதால், செல்போன் செயலியைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவரை உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண் சிமிட்டச் சொன்னேன். மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது. அந்தச் சான்றிதழுக்குரிய பிரமாண் எண்ணும் குறுஞ்செய்தியில் வந்தது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். சில நாட்களில் அது நிராகரிக்கப்பட்டதாகத் தெரிந்தது. ஓய்வூதிய வகை என்ற இடத்தில் 'குடும்ப ஓய்வூதியம்' என்பதற்குப் பதிலாகப் பணியாளருக்குரிய வகையை நான் தேர்ந்தெடுத்திருந்தேன். பிரமாண் எண் கிடைப்பது வேறு, பணம் வழங்கும் வங்கி அதை ஏற்றுக்கொள்வது வேறு. எண் வந்த பிறகும் ஏற்கப்பட்டதா என்று பார்க்காமல் இருக்கக் கூடாது. இரண்டாம் முறை ஒவ்வொரு கட்டத்தையும் பி.பி.ஓ. புத்தகத்தோடு ஒப்பிட்டு நிரப்பினேன். மறுமணம் செய்துகொண்டீர்களா என்ற கேள்வி வந்தபோது, அம்மா என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு "இல்லைன்னு போடு" என்றார். விதிப்படி கேட்கிறார்கள்தான், ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதே நாளில், மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான சிபென்கிராம்ஸ் குறைதீர்வுத் தளத்தில் நடந்ததைத் தேதி வாரியாக எழுதிப் பதிவு எண் பெற்றேன். அதுவரை நாங்கள்தான் மையத்தை அழைத்துக்கொண்டிருந்தோம்; அந்த எண் கிடைத்த பிறகு மையத்திலிருந்தே ஓர் அதிகாரி எங்களை அழைத்தார். அம்மாவோடு நிதானமாக, உரத்த குரலில், இரண்டு முறை சொல்லி விளக்கினார். அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

பிப்ரவரி கடைசி வேலை நாளில் அந்த மாதத்துக்குரியதோடு டிசம்பர், ஜனவரி நிலுவையும் சேர்ந்து வந்தது. வங்கியால் ஏற்படும் தாமதத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீத வட்டி தர வேண்டும் என்ற விதி உண்டு. நவம்பரிலேயே சான்றிதழ் கொடுத்ததற்குச் சீட்டு இல்லாததால் அதை எங்களால் வலியுறுத்த முடியவில்லை. செல்போன் எண்ணை மாற்றத் தனியாக ஒரு விண்ணப்பம் எழுதினோம். அதன் நகலில் முத்திரையும் கையொப்பமும் தேதியும் விழும்வரை அம்மா கவுண்டரை விட்டு நகரவில்லை.