வெள்ளவத்தையில் ஒரு வக்கா

கொழும்பில் ஆந்தை பார்க்கலாம் என்று நண்பன் சொன்னதை நம்பி யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறினேன். மறுநாள் பகல் முழுக்கக் கோட்டே, பெத்தகான ஈரநிலப் பூங்காவில் கழிந்தது. நீர்க்காகம் கண்டேன், உடும்பு கண்டேன். ஆந்தை இல்லை. பட்டப்பகலில் ஆந்தை தேடியவனை என்ன சொல்ல!

மாலையில், வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் இருக்கும் மாமி வீட்டு பல்கனியில் பிளேன்டீயோடு நின்றேன். வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக அடையப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு எதிர்த்திசையில், தனியாக ஒன்று. ‘வக்!’ கொஞ்சம் பொறுத்து மறுபடி ‘வக்!’ தொண்டையில் ஏதோ சிக்கிய காகம் போல.

“உது வக்கா, தம்பி. மற்றதெல்லாம் வேலை முடிஞ்சு வரேக்க உது வேலைக்குப் போகும்” என்றார் மாமி.

புத்தகத்தில் இராக்கொக்கு. வக்கா என்ற பெயர் அதன் சத்தமேதான். அறிவியல் பெயரான நிக்டிகோராக்ஸுக்குக் கிரேக்கத்தில் ‘இராக்காகம்’ என்று பொருள். ஆக, காகத்தை நினைத்தது நான் மட்டுமல்ல.

கீழே இறங்கிப் போனேன். கால்வாயின் மணத்தைப் பற்றி வெள்ளவத்தைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவிளக்கு வெளிச்சம் தண்ணீரில் விழும் இடத்தில், கொங்கிரீட் விளிம்பில், போர்வை போர்த்திய கிழவர் மாதிரிக் குந்தியிருந்தது. உச்சந்தலையும் முதுகும் கருமை, சிறகு சாம்பல், பிடரியிலிருந்து நூல்போல வெள்ளை இறகு, சிவப்புக் கண். இந்தக் கோலம் வர இரண்டு மூன்று வருடம் எடுக்கும். அதுவரை பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள்தான்.

மற்றக் கொக்குகளோடு ஒரே மரத்தில் கூடு வைக்கும், ஒரே தண்ணீரில் மீன் தேடும். போட்டியைத் தவிர்க்கத்தான் இரவுக்கு மாறியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். குஞ்சு பொரித்தால் அந்தக் கட்டுப்பாடும் போய்விடும். பகலிலும் இரைக்கு அலையும். நீலப்பச்சை முட்டைகளை ஆணும் பெண்ணும் மாறி மாறி மூன்று வாரத்துக்கு மேல் அடைகாக்கும். மீன், தவளை, அயல் கூட்டுக் குஞ்சு, எதையும் விடாது. கடைசியாகச் சொன்னதை மாமியிடம் சொல்லவில்லை.

2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் கிடைத்தது. அது பூங்காக்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். வக்காவுக்கு அந்தப் பேதம் இல்லை.

இருபது நிமிடம் அது அசையவில்லை. பின்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. “கொஹேத?” எங்கே போக வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார் சாரதி. வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவரும் எட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.

ஒரே குத்து. திலாப்பியாக் குஞ்சு ஒன்று அலகில் துடித்தது. அந்தக் கழுத்து அவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரிந்தது.