சீனி பார்க்கும் மேசையில் ஒரு படகோட்டி

நீரிழிவு கிளினிக்கில் வேலை செய்த காலத்தில் என் மேசை லாச்சிக்குள் ஒரு படம் வைத்திருந்தேன். பத்திரிகையில் இருந்து வெட்டியது. நீளமான, ஒடுக்கமான படகில் நாலு பேர். அதில் ஒருவர் இங்கிலாந்துப் படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவ்.

திருகோணமலையில் இன்சுலினுக்கு நல்ல பெயர் கிடையாது. குளிசை என்றால் சரி. ஊசி என்றதும் முகம் மாறிவிடும். "ஊசி தொடங்கினா அடுத்தது காலை எடுக்கிறதுதானே மிஸ்" என்பார்கள். காலைப் பறிகொடுத்தவர்கள் பலர் ஊசியைத் தள்ளிப்போட்டவர்கள்தான் என்று சொன்னால் ஏறாது. அந்த நேரத்தில்தான் படத்தை எடுப்பேன்.

கதை எனக்கு மனப்பாடம். 1962இல் இங்கிலாந்தின் மார்லோவில் பிறந்தவர். 1984 லொஸ் ஏஞ்சல்ஸ், 1988 சோல், 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா என்று வரிசையாக நாலு ஒலிம்பிக்கில் தங்கம். அட்லாண்டாவில் வென்ற கையோடு, இனி என்னைப் படகுக்குக் கிட்டக் கண்டால் சுட்டுவிடுங்கள் என்றார். அப்புறம் மனம் கேட்கவில்லை, திரும்பவும் படகில் ஏறினார். 1997இல் தாங்க முடியாத தாகம். பார்த்தால் சீனி வருத்தம். இன்சுலின் போட்டுக்கொண்டே பயிற்சி எடுத்து, 2000இல் சிட்னியில் ஐந்தாவது தங்கம். வயது 38. "ஊசி போடுற மனிசன்தான் இது" என்று முடிப்பேன். பாதிப் பேராவது கையை நீட்டுவார்கள்.

திருக்கடலூரில் இருந்து வந்த ஒரு அண்ணையிடமும் இதே கதையைத்தான் சொன்னேன். ஐம்பதைத் தாண்டியவர். கரைவலைத் தோணியில் துடுப்புத் தண்டு வலிக்கிறவர். படத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவு தூரம் ஓடுவினம்?"

"2,000 மீற்றர். ஆறு நிமிசத்துக்குள்ள."

"ஆறு நிமிசமோ!" வாய்விட்டுச் சிரித்தார். "வலை ஏத்தாமலோ?"

அந்தச் சிரிப்போடேயே ஊசிக்கும் சம்மதித்தார். எனக்குப் பெருமை. காலையில் ஊசி, அரை மணித்தியாலத்துக்குள் சாப்பாடு என்று கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். எல்லாருக்கும் எழுதுவது போலவே எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தவர் பகிடி சொல்வது போல ஒரு விசயம் சொன்னார். ஒருநாள் விடிய ஊசி போட்டுவிட்டுப் பாணை எடுத்திருக்கிறார். கரையில் மீன் கூட்டம் தெரியுது என்று வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் ஆள் ஓடிவர, பாணை வைத்துவிட்டு ஓடிவிட்டார். வலையை இறக்கிக்கொண்டு வளைத்துத் திரும்பும்போது உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், தண்டு கையில் நிற்கவில்லை. கேட்டதற்கு வாயில் சொல் குழறியது. ராத்திரிச் சாராயம் இறங்கவில்லை என்று மற்றவர்கள் ஏசியிருக்கிறார்கள். கரைக்கு வந்து மணலில் குந்தியவருக்கு யாரோ ஒரு பெடியன் சீனி தூக்கலாகப் பிளேன்ரீ கொடுத்திருக்கிறான். அதனால் தப்பினார்.

அவர் சிரித்தார். எனக்குக் கை குளிர்ந்தது. நடுக்கடலில் இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கிறது. எழுதிக் கொடுத்தது நான்.

பிறகுதான் எனக்கு உறைத்தது, கதையில் நான் எப்போதும் பாய்ந்து கடக்கிற இடம் ஒன்று இருப்பது. ரெட்கிரேவும் முதலில் இனிப்பைக் குறைத்துத்தான் பார்த்தார். உடம்பில் பலம் நிற்கவில்லை. அதன் பிறகு வைத்தியம் திசை மாறியது. வருத்தத்துக்காகச் சாப்பாட்டைச் சுருக்காமல், அவர் தின்கிற சாப்பாட்டுக்கும் தண்டு வலிக்கிற அளவுக்கும் ஏற்ப இன்சுலினை அமைத்தார்கள். நாளுக்குச் சுமார் 6,000 கலோரி சாப்பிட்டவர். பல தடவை ஊசி, பல தடவை இரத்தப் பரிசோதனை. பயிற்றுநர் யூர்கன் குரோப்லர் பயிற்சியை மணிக்கணக்காகத் திட்டமிட்டு வைத்திருப்பார். இந்த அண்ணைக்குக் கிளினிக்கில் மாதத்துக்கு ஒரு விரல்குத்து, மீன் வந்தால் ஓட்டம். ஐந்து தங்கத்தையும் ஒப்புவித்த நான் இந்தப் பகுதியை ஒருவரிடமும் சொன்னதில்லை. சலிப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

லீவு நாள் ஒன்றில் விடியற்காலை திருக்கடலூர்க் கரைக்குப் போனேன். பல இடங்களில் எஞ்சின் வந்துவிட்ட காலத்திலும் அவர்கள் அந்தத் தோணியைத் தண்டு வலித்தே கொண்டுபோனார்கள். கயிறு இழுக்கும்போது அம்பாப் பாட்டு. இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள், குதிக்காலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு அடி, இன்னொரு அடி. வலையின் மடி கரைக்கு வர வெயில் ஏறிவிட்டது. அதுவரை ஒருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. கடையில் இருந்து பாண் வந்தது அதற்குப் பிறகுதான்.

அவருடைய வீட்டில் இன்சுலின் குப்பி ஈர மணல் போட்ட முட்டிக்குள், பொலித்தீன் உறையில் பத்திரமாக இருந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். அதைச் சரியாகச் செய்தவர், நேரத்தையும் நான் எழுதியபடிதான் செய்தார். எழுத்துத்தான் பிழை.

பார்த்ததை அப்படியே வைத்தியரிடம் சொன்னேன். அவர் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதினார், தொழிலுக்குப் போகிற நாளுக்கு ஒன்று, காற்றுக்கு வீட்டில் நிற்கிற நாளுக்கு ஒன்று. தோணியில் ஒரு சீனிப் பொட்டலம் கட்டி வைக்கச் சொன்னேன். கூட வலிக்கிறவர்களையும் கூப்பிட்டு, இவர் வெறிகாரன் மாதிரித் தடுமாறினால் ஏசாமல் முதலில் வாய்க்குள் சீனியைப் போடுங்கள் என்றேன். ஒருவர் கேட்டார், "உண்மையா வெறியெண்டா?" "அப்பவும் சீனியைக் குடுங்கோ, ஒண்டும் ஆகாது" என்றேன்.

அடுத்த கிளினிக்கில் அவர் தானாகவே படத்தைக் கேட்டு வாங்கினார்.

"மற்ற மூண்டு பேரும் ஆர், மிஸ்?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒருவரைத் தவிர மற்றவர்களை நான் பார்த்ததே இல்லை. தேடிப் பிடித்துப் படத்தின் பின்பக்கம் எழுதி வைத்தேன்: மத்தியூ பின்சென்ட், டிம் ஃபொஸ்டர், ஜேம்ஸ் கிராக்னெல். அவர் திரும்பி வந்த அன்று வாசித்துக் காட்டினேன். சிட்னியில் இத்தாலிப் படகை 0.38 செக்கனில்தான் முந்தினார்கள் என்றும், முடிந்ததும் பின்சென்ட் மற்றவருக்கு மேலால் தவழ்ந்துபோய் ரெட்கிரேவைக் கட்டிப்பிடித்துவிட்டுத் தண்ணீருக்குள் விழுந்தார் என்றும் சொன்னேன்.

"தோணிக்குள்ள எழும்பினா விழத்தானே வேணும்" என்றார். படத்தைத் தந்துவிட்டு விரலை நீட்டினார்.