சீசர் வளைத்த குன்றைச் சுற்றி இரண்டு நாள்

பாரீஸின் பெர்சி நிலையத்தில் இருந்து திஜோன் பக்கம் போகும் ரயிலில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நானும் என் பெரியப்பா மகன் அண்ணனும் இரண்டு மவுண்டன் பைக்குகளோடு அதில் ஏறி, காலையிலேயே மோன்பாரில் இறங்கினோம். அண்ணன் புதுச்சேரியில் இருந்து பிரான்சுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. வேலைக்காக இந்தத் தடத்தில் பல தடவை போய்வந்தவர். "ரயில்ல இருந்து பாத்தா எல்லாம் வெறும் புல்லுதான்டா. எறங்கி ஓட்டணும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் இந்தப் பயணம்.

புர்கோஞ் பகுதியில் இந்த வட்டாரத்துக்கு ஓசுவா என்று பெயர். பெரிய மலைகள் கிடையாது. ஆனால் சமதளமும் கிடையாது. மேலே தட்டையான சுண்ணாம்புக்கல் மேடு, அதில் கோதுமையும் மஞ்சள் பூத்த கடுகு இனப் பயிரும். சரிவில் ஓக் மரக் காடு. கீழே களிமண் பள்ளத்தாக்கு, முழுக்கப் புல், அதில் வெள்ளை வெளேரென்று ஷரோலே மாடுகள். ஒரு பள்ளத்தாக்கில் இருந்து அடுத்ததற்குப் போவதென்றால் இந்த மூன்றையும் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் டயரில் ஒவ்வொரு மாதிரி பேசும். சுண்ணாம்புக்கல் கடகடவென்று கையை உலுக்கும். காட்டுச் சருகு சத்தமில்லாமல் வழுக்கும். களிமண்ணைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மவுண்டன் பைக் பாதைகளுக்கு இங்கே ஒரு குறி உண்டு. ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும், கிட்டத்தட்டச் சைக்கிள் மாதிரியே இருக்கும். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்தைப் பொறுத்து நிறம். அந்தக் குறி இல்லாத இடங்களில் வயலுக்குப் போகும் மண் சாலைகளையே பிடித்துப் போனோம்.

மோன்பாரில் இருந்து காட்டு வழியாகக் கொஞ்ச தூரம்தான் ஃபோன்த்னே மடம். இறக்கத்தில் வேகமாக வந்துகொண்டிருந்தபோது திடீரென்று காற்று குளிர்ந்தது, ஈர வாசனை வந்தது. மடம் கண்ணில் படுவதற்கு முன்பே தண்ணீர் இருப்பது தெரிந்துவிட்டது. 1118-ல் சிஸ்டெர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவியர் சபையைச் சேர்ந்த பெர்னார் இதைத் தொடங்கியபோது இந்தப் பள்ளத்தாக்கு சதுப்பாகக் கிடந்தது. துறவிகள் அதை வடியவைத்து, ஓடையைத் தங்கள் வேலைக்குத் திருப்பிக்கொண்டார்கள். தேவாலயத்தை 1147-ல் போப் மூன்றாம் யூஜின் அர்ச்சித்து வைத்தார்.

உள்ளே நுழைந்ததும் நான் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன். வண்ணக் கண்ணாடி இல்லை, தூணில் சிற்பம் இல்லை, பொன் பூச்சு எதுவும் இல்லை. கல்லும் அதன் மேல் விழும் வெளிச்சமும் மட்டும். அலங்காரம் மனத்தைச் சிதறடிக்கும் என்று பெர்னார் உறுதியாக நம்பியவர். நான் கோயில் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவன். எங்களுக்குச் சிற்பம்தான் பக்தி. அப்படியிருந்தும் அந்த வெறுமை என்னை விட்டு நகரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டோம்.

அண்ணனுக்கு அதிகம் பிடித்தது பின்பக்கம் இருக்கும் பட்டறை. 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்த நீண்ட கல் கட்டடம் அது. பக்கத்துக் குன்றில் கிடைத்த இரும்புத் தாதை உருக்கி, ஓடைத் தண்ணீரால் சுழலும் சக்கரத்தின் விசையில் பெரிய சம்மட்டியை இயக்கி இரும்பு அடித்திருக்கிறார்கள். அதே தண்ணீர்தான் பிற்காலத்தில் இந்த இடத்தைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு மடம் விற்கப்பட்டு, அந்தத் தண்ணீரை நம்பிய காகித ஆலையாக மாறியது. ஆலைக்குக் கட்டடம் தேவைப்பட்டதால் இடிக்கவில்லை. 1906-ல் எதுவார் எய்னார் என்பவர் இதை வாங்கி, ஆலைப் பகுதிகளை எல்லாம் அகற்றி, பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். 1981-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

மதியச் சாப்பாடு மேட்டின் மேல், ஒரு லிண்டன் மரத்தடியில். வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு. கிராமத்துக் கடைகள் பன்னிரண்டு மணிக்கு மூடினால் இரண்டு மணி வரை திறக்காது, ஞாயிறு மதியத்துக்கு மேல் ரொட்டிகூடக் கிடைக்காது. கையில் சாப்பாடு இருந்தால் நிம்மதி. தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் பூச்செடிகளுக்காகப் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்ற பலகை இல்லையா என்று பார்த்துக்கொண்டு பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

காட்டில் குயில் கூவிக்கொண்டே இருந்தது. நம்மூர்க் குயில்போல ஏறிக்கொண்டே போகாது, இரண்டே சுரம்.

வழியில் கடந்த ஒவ்வொரு ஊரிலும் 1914-1918 போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த கல் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வீடுகள் தெரியும் ஊரில், கல்லில் அதைவிட நீளமான பட்டியல். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வரும் இடங்களில் அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டார். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் இதே போருக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு, பிரெஞ்சு இந்தியாவில் இருந்து போய் இறந்தவர்களுக்காக. சின்ன வயதில் அதைச் சுற்றி ஓடி விளையாடியிருக்கிறோம். அதன் மறுமுனை இங்கே இருக்கிறது என்று அப்போது யோசித்ததில்லை.

புஸி ரபுத்தான் கோட்டை மாளிகையை வேகமாகத்தான் பார்த்தோம். அரசவைக் காதல் விவகாரங்களை எழுதியதற்காக 1665-ல் பதினான்காம் லூயி மன்னரால் பாஸ்தீல் சிறையில் அடைக்கப்பட்டு, பிறகு இங்கேயே இருக்கும்படி விரட்டப்பட்ட பிரபுவின் வீடு. தான் இனிப் பார்க்க முடியாத அரசவை மனிதர்களின் ஓவியங்களால் சுவர்களை நிரப்பியிருக்கிறார். அழகுதான். ஆனால் என் கண்ணெல்லாம் ஜன்னலுக்கு வெளியே இருந்த மலையில்தான்.

ஏனென்றால் அந்தப் புஸி மலைதான் அலேசியா முற்றுகையின் ஒரு முனை. பொ.ஆ.மு. 52-ல், இன்றைய பிரான்ஸ் இருக்கும் கால் (Gaul) நாட்டுப் படைத் தலைவர் வெர்சின்ஜெட்டோரிக்ஸ், ஓசுவா குன்றின் மேல் இருந்த அலேசியா நகருக்குள் ஒதுங்கினார். ஜூலியஸ் சீசர் அதைத் தாக்கவில்லை, வளைத்தார். நகரைப் பார்த்தபடி உள்வளையம் ஒன்று, சுமார் 16 கிலோமீட்டர். மீட்க வரும் படையை எதிர்கொள்ள வெளிவளையம் இன்னொன்று, சுமார் 21 கிலோமீட்டர். அகழி, மண் சுவர், கோபுரம், குழிக்குள் கூரிய கழிகள். சுற்றி இருந்த குன்றுகளின் மேல் முகாம்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் 1861 முதல் 1865 வரை நடந்த அகழாய்வில் அவற்றின் தடங்கள் கிடைத்தன. புஸி மலையின் மேல் ஒரு முகாம், எதிரே ஃபிளாவினி மலையின் மேலும் முகாம்கள்.

புஸி மலையில் ஏறும் கல் பாதை என் பயணத்திலேயே கடினமான ஏற்றம். கடைசி கியரிலும் தொடை எரிந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் எதிரில் ஓசுவா குன்று தனியாக, படகைக் கவிழ்த்த மாதிரி கிடந்தது. இரண்டு பக்கமும் ஓஸ், ஓஸ்ரான் என்ற சிற்றாறுகள், மேற்கே மட்டும் திறந்த சமவெளி. வரைபடத்தில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அங்கே நின்றபோதுதான் அந்த இடத்தின் பயங்கரம் உறைத்தது. எந்தப் பக்கம் இறங்கினாலும் எதிரே ஒரு மலை, அதன் மேல் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு இருபது நிமிடம் பிடித்த ஏற்றத்தில் கேடயத்தோடு ஓடி ஏற வேண்டும்.

முற்றுகையில் உணவு தீர்ந்தபோது, நகரத்துச் சொந்தக்காரர்களான மண்டுபியர்களைப் பெண்கள், பிள்ளைகளோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் ரோமானிய வேலி வரை வந்து, அடிமைகளாகவாவது ஏற்றுக்கொண்டு சோறு போடுங்கள் என்று அழுதார்கள். சீசர் காவலை நிறுத்தித் தடுத்தார். இதை அவரே தன் போர்க் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவர்கள் கதி என்ன ஆனது என்று மட்டும் எழுதவில்லை. முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றவர்கள். மலைமேல் நின்று பார்க்கும்போது அந்த இடம் பச்சைப் பசேலென்று, மாடு மேய்ந்துகொண்டு, அத்தனை அமைதியாக இருந்தது.

இரவு குன்றின் சரிவில் இருக்கும் அலீஸ் சாந்த் ரேன் ஊரில் தங்கினோம். விடிய விடிய மழை.

காலையில் உச்சிக்குப் போனோம். அங்கே வெர்சின்ஜெட்டோரிக்ஸ் சிலை, செப்புத் தகட்டால் ஆனது, 1865-ல் ஏமே மிலே செய்தது. செய்யச் சொன்னவர் மூன்றாம் நெப்போலியன். முகச் சாயலும் அவருடையதுதான் என்று ஊரில் சொல்கிறார்கள். அந்தச் சிலையின் உயரத்தைவிட, அது தலை குனிந்து சமவெளியைப் பார்க்கும் விதம் என்னைத் தொட்டது. தோற்றவருக்கு வைத்த சிலை அது. சரணடைந்த பிறகு ரோமில் ஆறு வருடம் சிறையில் வைத்து, ஊர்வலத்தில் காட்டி, பிறகு கொன்றார்கள். கீழே சமவெளியில் 2012-ல் திறந்த அருங்காட்சியகத்தின் வட்டமான கட்டடமும், திரும்பக் கட்டிக் காட்டியிருக்கும் ரோமானிய அரணும் தெரிந்தன.

அங்கிருந்து ஓஸ்ரான் பள்ளத்தாக்குக்கு இறங்கும்போதுதான் களிமண். மழையில் ஊறியிருந்த சாம்பல் நிறச் சேறு டயரோடு ஒட்டி, ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரத்தைச் சுற்றவே விடவில்லை. பத்தடிக்கு ஒரு முறை குச்சியால் சுரண்டினோம். "தள்ளாதடா, செயின் போயிடும். தூக்கிக்கோ" என்றார் அண்ணன். இருவரும் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு புல்வெளி ஓரமாக நடந்தோம். ஒரு முழு மணி நேரம்.

ஃபிளாவினி மலைமேல் கோட்டை வாசலும் குறுகிய கல் தெருக்களுமாக இருக்கும் சிற்றூர். தெருவிலேயே சோம்பு வாசனை அடித்தது. பழைய மடத்துக் கட்டடத்தில் இன்றும் சோம்பு மிட்டாய் செய்கிறார்கள். ஒரே ஒரு விதையின் மேல் சர்க்கரைப் பாகை மெல்லிய படலம் படலமாக ஏற்றி, பட்டாணி அளவு உருண்டையாக்குகிறார்கள். நம்மூரில் சாப்பாட்டுக்குப் பின் வாயில் போடும் சர்க்கரைச் சோம்பின் நெருங்கிய சொந்தம். ஒரு டப்பா வாங்கினேன்.

பூய்னேயில் புர்கோஞ் கால்வாயைக் கடந்தோம். 1832-ல் முடிந்த, 242 கிலோமீட்டர் நீளமும் 189 மதகு வாசல்களும் கொண்ட கால்வாய். அந்தப் பகுதியில் வாசல்கள் படிக்கட்டுபோல அடுத்தடுத்து வருகின்றன. நாங்கள் இரண்டு நாளாகப் பட்ட ஏற்ற இறக்கத்தைத் தண்ணீரும் ஒவ்வொரு படியாகத்தான் கடக்கிறது.

கடைசியாக சமூர். ஊர் நெருங்கும்போதே டயர் சொல்லிவிட்டது: மண் மாறியிருந்தது. இங்கே இளஞ்சிவப்புக் கருங்கல் பாறை. ஆர்மான்சோன் ஆறு அந்தப் பாறையைச் சுற்றி வளைந்து ஓட, மேலே நான்கு பருத்த கோபுரங்கள். 1602-ல் நான்காம் ஹென்றி கோட்டையை அழிக்கச் சொன்ன பிறகும் அவை நிற்கின்றன. ஒன்றில் மட்டும் மேலிருந்து நீளமான விரிசல். பினார் பாலத்தில் நின்று பார்த்தால் நாலும் ஒன்றாகத் தெரியும்.

மோன்பார் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஃபிரேமில் ஒட்டிய களிமண் காய்ந்து ஓடுபோல இறுகியிருந்தது. அண்ணன் தட்டியதும் ஒரு துண்டு பெயர்ந்து கையில் வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த ஜனங்க நின்னது இதுலதான் இல்ல?" என்றார்.

ரயில் வந்தது. துண்டைத் தண்டவாள ஓரப் புல்லில் மெதுவாக வைத்துவிட்டு ஏறினார்.