ஜன்னலில் நின்று சொன்ன பொய்

ரோம் டெர்மினி ரயில் நிலையத்தில் இறங்கியதும் நான் தேடியது கழிப்பறையைத்தான். கீழ்த்தளத்தில் ஒரு பர்கர் கடைக்குள் நுழைந்தால், மேசைகளை ஒட்டிப் பழுப்பேறிய கற்சுவர் ஒன்று நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு பையன் உருளை வறுவலைக் கெட்சப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். செர்வியஸ் சுவர், ரோமின் பழைய மதில்! வெளியே வந்தால் இன்னும் நீளமான துண்டு, ஒவ்வொரு கல்லும் இரண்டடி உயரம் இருக்கும்.

உண்மையில் பெயர்தான் ராஜா செர்வியஸ் துல்லியஸுடையது. அவர் ரோமை ஆண்டதாகச் சொல்வது கி.மு. 578 முதல் 535 வரை. இப்போது நிற்கும் சுவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டியது.

அவர் ராஜாவான கதையை வயா கவூர் தெருவில் நடந்துகொண்டே கூட வந்த இவருக்குச் சொன்னேன். ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்த கதை. தோற்றுப்போன கொர்னிகுலம் ஊரிலிருந்து பிடித்துவந்த பெண்ணின் மகன் அவர். சின்ன வயதில் தூங்கும்போது தலையைச் சுற்றி நெருப்பு எரிந்ததாம். வேலைக்காரர் தண்ணீரோடு ஓட, அப்போதைய ராஜா தார்க்வினியஸின் ராணி தனக்குவில் தடுத்துவிட்டாள். பையன் விழித்ததும் நெருப்பும் அணைந்தது. அப்புறம் அவனை வளர்த்து, மகளையும் கட்டிக்கொடுத்தார்கள்.

இது பொறுக்காத, தார்க்வினியஸுக்கு முந்தைய ராஜாவின் பிள்ளைகள் இரண்டு ஆட்டிடையர்களை ஏவினார்கள். வழக்கு என்று சொல்லி உள்ளே போனவர்கள், ராஜா தார்க்வினியஸின் மண்டையில் கோடாரியைப் போட்டார்கள். தனக்குவில் அரண்மனைக் கதவைச் சாத்தச் சொன்னாள். மாடி ஜன்னலில் நின்று, "ராஜாவுக்கு நினைவு வந்துவிட்டது, காயம் ஆழமில்லை. அவர் எழுந்து வரும்வரை செர்வியஸ் சொல்வதைக் கேளுங்கள்" என்றாள்.

"உள்ளே பிணத்தை வைத்துக்கொண்டா?" என்றார் இவர்.

ஆமாம். செர்வியஸும் லேசுப்பட்டவர் இல்லை. அரச உடையில் வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்து, சில வழக்குகளுக்குத் தீர்ப்பு சொல்வார். சிலவற்றுக்கு, ராஜாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்! இப்படியே சில நாள் ஓட்டி, பிடி இறுகியபின்தான் சாவை அறிவித்தார்கள். மக்கள் தேர்ந்தெடுக்காமல் ஆண்ட முதல் ராஜா அவர்தான் என்கிறார் லிவி.

பேரரசர் கிளாடியஸ் கி.பி. 48இல் செனட்டில் பேசியபோது வேறு கதை சொன்னார். ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எட்ரூஸ்கர் கணக்கில் செர்வியஸின் பெயர் மஸ்தார்னா. கேலியஸ் விபென்னா என்ற படைத்தலைவனின் கூட்டாளி, எஞ்சிய படையோடு வந்து ரோமின் கேலியன் குன்றைப் பிடித்தவர். எட்ரூஸ்கர்களின் வுல்சி ஊர்க் கல்லறை ஓவியம் ஒன்றிலும் மஸ்தார்னா இருக்கிறான், விபென்னாவின் கட்டை அறுத்துக்கொண்டு. என் ஓட்டு இந்தக் கதைக்குத்தான். தலையில் எரிந்த நெருப்பெல்லாம் நாற்காலி கிடைத்த பிறகு முளைத்திருக்கும்.

பேசிக்கொண்டே போர்ஜியா படிக்கட்டுக்கு வந்துவிட்டோம். கொடி படர்ந்த சுவர், மேலே இருட்டு வளைவு. மருமகன் ஆட்களை ஏவி செர்வியஸை வெட்டிப்போட்டதும், பெற்ற மகள் துல்லியா அப்பாவின் உடல்மேல் வண்டியை ஓட்டிப் போனதும் இங்கேதான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஏறிப்போகிற எல்லோரும் மேலே தேவாலயத்தில் இருக்கும் மைக்கலாஞ்சலோவின் மோசஸ் சிலையைப் பார்க்கப் போகிறவர்கள். இவரும் போனார்.

நான் வளைவுக்குக் கீழே உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லாம் படிகள், வண்டி ஏறாது.